வாசகர் கேள்வி பதில்: திரைக்கு எத்தனை ஹெர்ட்ஸ் வேண்டும்?

அண்மையில் வந்த கடிதங்களில் பல, மானிட்டர், கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் பெட்டிகளில் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் ‘ரெஃப்ரெஷ் ரேட்’ என்ற எண்ணைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மடிக்கணினி வாங்கக் கடைக்குச் சென்றிருந்தேன். ஒன்றில் 60 ஹெர்ட்ஸ் என்றும், எட்டாயிரம் ரூபாய் கூடுதலான மற்றொன்றில் 144 ஹெர்ட்ஸ் என்றும் எழுதியிருந்தது. எண் கூடினால் எல்லாம் வேகமாக ஓடும் என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மையா?
– பொறியியல் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

கணினியின் வேகத்துக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. ஒரு கோப்பைத் திறப்பதோ, ஒரு நிரலைத் தொகுப்பதோ 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு நொடி கூட முன்னதாக முடியாது. திரை தான் காட்டும் படத்தை ஒரு வினாடியில் எத்தனை முறை புதுப்பித்துக்கொள்கிறது என்பதை மட்டுமே ரெஃப்ரெஷ் ரேட், அதாவது புதுப்பிப்பு வீதம், குறிக்கிறது. மின்காந்த அலைகள் இருப்பதைச் சோதனை மூலம் நிறுவிய ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் பெயரைத் தாங்கிய அந்த அலகுக்கு ‘வினாடிக்கு இத்தனை முறை’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை.

இந்த எண்ணை ஹெர்ட்ஸில் பார்ப்பதைவிட மில்லி வினாடியில் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி வினாடி நிற்கிறது. 120 ஹெர்ட்ஸில் 8.3, 144 ஹெர்ட்ஸில் 6.9, 240 ஹெர்ட்ஸில் 4.2, 360 ஹெர்ட்ஸில் 2.8. ஆக, 60இலிருந்து 120க்குப் போகும்போது ஒவ்வொரு படத்திலும் 8.3 மில்லி வினாடி குறைகிறது. 120இலிருந்து 240க்குப் போனால் குறைவது 4.2 மட்டுமே. 240இலிருந்து 360க்கு, எண் நூற்றிருபது கூடியும், குறைவது 1.4 மில்லி வினாடிதான். பெட்டியின் மேல் எண் ஒரே சீராக ஏறுகிறது. கண்ணுக்குக் கிடைக்கும் பலனோ படிக்குப் படி சுருங்கிக்கொண்டே வருகிறது.

அந்தப் பலன் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தேர்வு செய்வதற்கு இதுவே அடிப்படை. இக்காலத்து எல்.சி.டி., ஓலெட் திரைகள் ஒரு படத்தைக் காட்டிவிட்டால் அடுத்த படம் வரும்வரை அதை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் நகரும் ஒன்றைப் பின்தொடரும் நம் கண் நின்று நின்று நகர்வதில்லை. அது தொடர்ச்சியாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. படம் நிற்க, கண் நகர, அந்த இடைவெளியில் படம் விழித்திரையில் இழுபட்டு மங்கலாகிறது. வினாடிக்கு 960 பிக்சல் (திரையின் ஒளிப்புள்ளி) வேகத்தில் ஓர் எழுத்து திரையில் நகர்வதாக வைத்துக்கொண்டால், 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். 120 ஹெர்ட்ஸில் 8 பிக்சல். 240 ஹெர்ட்ஸில் 4 பிக்சல். நீண்ட ஒரு பக்கத்தை உருட்டும்போது 60 ஹெர்ட்ஸ் திரையில் வரிகள் குழம்பிப்போவதும், 120இல் ஓடும்போதே ஓரளவு படிக்க முடிவதும் இதனால்தான். அசையாமல் இருக்கும் பக்கத்தைப் படிக்கும்போது இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை.

உங்கள் எட்டாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். அதே பணத்தில் 8 ஜி.பி. ரேம் 16 ஜி.பி. ஆகும் என்றால், தயங்காமல் ரேமுக்குக் கொடுங்கள். இரண்டிலும் ரேமும் எஸ்.எஸ்.டி.யும் திரையின் வெளிச்சமும் வண்ணத் தரமும் சமம் என்றால் மட்டும் 144 ஹெர்ட்ஸுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். விளையாடாதவருக்கும் பக்கங்களை உருட்டுவதிலும் சாளரங்களை நகர்த்துவதிலும் அந்த வேறுபாடு அன்றாடம் தெரியும். விலை குறைந்த சில மடிக்கணினிகளில் 144 என்ற எண்ணைப் பெரிதாக எழுதிவிட்டு, வண்ணம் வெளிறிய, வெளிச்சம் குறைந்த திரையைப் பொருத்திவிடுகிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு வயது அறுபத்தாறு. கணினியில் இரண்டு மணி நேரம் படித்தால் கண் வலிக்கிறது. 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் வலி குறையும் என்று பேரன் சொல்கிறான். வாங்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

உங்கள் பேரன் சொல்வதில் ஒரு பழைய உண்மை ஒளிந்திருக்கிறது, அம்மா. பின்புறம் பெட்டி போல் நீண்டிருந்த பழைய படக்குழாய் மானிட்டர்களில், எலக்ட்ரான் கற்றை ஒன்று திரையின் உட்புறப் பூச்சை மேலிருந்து கீழாக வரி வரியாகத் தாக்கி ஒளிரச் செய்யும். கற்றை கடந்து சென்றதும் அந்த இடத்தின் ஒளி உடனே மங்கத் தொடங்கிவிடும். ஆகவே அந்தத் திரை உண்மையாகவே வினாடிக்கு 60 முறை மின்னி மின்னி அணைந்தது. பலருக்கு அது கண்ணில் உறுத்தலையும் தலைவலியையும் தந்தது. 75 அல்லது 85 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் உறுத்தல் அடங்கியது. அந்தக் காலத்தில் ‘ஹெர்ட்ஸைக் கூட்டு, கண்ணுக்கு நல்லது’ என்பது சரியான அறிவுரை.

எல்.சி.டி. திரையில் அந்த மின்னல் இல்லை. பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்க, முன்னால் உள்ள புள்ளிகள் மட்டும் தம் நிறத்தை மாற்றிக்கொள்கின்றன. எனவே அசையாத பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு 60 ஹெர்ட்ஸும் 120 ஹெர்ட்ஸும் ஒன்றே.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில திரைகளில் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது, விளக்கின் ஒளியை உண்மையில் குறைக்காமல், அதை மிக வேகமாக அணைத்து அணைத்து எரியவிட்டுக் குறைந்தது போலக் காட்டுவார்கள். பல ஓலெட் கைப்பேசிகளிலும் சில மலிவான மானிட்டர்களிலும் இந்த முறை இருக்கிறது. சிலருக்கு இது தலைவலி தரும். ஆனால் இது ரெஃப்ரெஷ் ரேட்டைக் கூட்டினால் தீரும் சங்கதி அன்று. பெட்டியில் ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ என்று குறிப்பிட்ட மானிட்டரைத் தேடுவதே இதற்கு வழி.

செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் செய்துபாருங்கள்: எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள், திரையின் வெளிச்சத்தை அறையின் வெளிச்சத்துக்கு இணையாக வையுங்கள், அவ்வப்போது பார்வையைத் தொலைவில் உள்ள ஒன்றின் மேல் திருப்புங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது என்பதால் கண் உலர்ந்துபோகிறது. வலிக்குப் பெரும்பாலும் அதுவும் ஒரு காரணம். கண்ணாடியின் பவரைச் சோதித்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், மானிட்டர் கடைக்கு முன்னால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஏன் எங்கே பார்த்தாலும் 60 என்ற எண்ணே அடிப்படையாக இருக்கிறது? நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தானே?
– மின்பணியாளர், கரூர்

மின்பணியாளர் ஒருவரிடமிருந்துதான் இந்தக் கேள்வி வரும். விடையும் உங்கள் தொழிலில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மாறுதிசை மின்சாரம் 60 ஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவில் 50 ஹெர்ட்ஸிலும் நிலைபெற்றது. 1941இல் அமெரிக்காவில் தொலைக்காட்சிக்கு என்.டி.எஸ்.சி. என்ற தரம் வகுக்கப்பட்டபோது, திரையின் வீதத்தையும் மின்சாரத்தின் வீதத்தோடு பொருத்தி வினாடிக்கு 60 என்று வைத்தார்கள். அக்காலக் கருவிகளில் மின்வழங்கியின் இரைச்சல் படத்தில் கலந்து பட்டைகளாகத் தெரியும். இரண்டு வீதங்களும் ஒன்றாக இருந்தால் பட்டை ஓரிடத்தில் நின்றுவிடும். கண் அதைப் பொருட்படுத்தாது. வேறுபட்டிருந்தாலோ, பட்டை திரையில் மேலும் கீழும் ஊர்ந்து பார்ப்பவரைத் தொல்லைப்படுத்தும்.

இதே காரணத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகள் 50ஐ ஏற்றன. இந்தியாவின் தொலைக்காட்சியும் 625 வரி, வினாடிக்கு 25 முழுப் படம், அதாவது 50 அரைப் படம் என்ற வழியில்தான் வந்தது. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தபோதும் அந்த 50 மாறவில்லை. கணினியின் கதை மட்டும் வேறு. கணினித் திரைகளின் தரங்கள் அமெரிக்காவில் உருவானவை. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ. தரத்தில் 640க்கு 480 பிக்சல் கொண்ட படம் 60 ஹெர்ட்ஸில் ஓடியது. பின்னர் வந்த எல்.சி.டி. திரைகளும் அதையே பிடித்துக்கொண்டன.

உங்கள் கணினியின் அமைப்புகளில் சில சமயம் 59.94 என்ற விசித்திரமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அந்தத் தொலைக்காட்சியின் எச்சமே. 1953இல் அமெரிக்காவில் வண்ண ஒளிபரப்பைச் சேர்த்தபோது, வண்ணத்துக்கான அலையும் ஒலிக்கான அலையும் மோதிப் படத்தில் கோலம் போடாதிருக்க, 60ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சமரசம் இன்றும் நம் மேசையில் எட்டிப் பார்க்கிறது.

மகனுக்கு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிக் கொடுத்தேன். பழையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்கிறான். ஏமாந்துவிட்டேனா?
– வங்கி ஊழியர், மதுரை

பெரும்பாலும் ஏமாறியிருக்க மாட்டீர்கள். மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். இது எனக்கே நேர்ந்தது. 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி மூன்று வாரம் அதன் பெருமையைக் கேட்டவரிடமெல்லாம் பேசிய பிறகுதான், விண்டோஸ் அதை 60இல் வைத்திருந்ததைக் கண்டேன். புதிய திரையை இணைத்தால் கணினி தானாகவே உச்ச வீதத்துக்கு மாறிவிடும் என்று நம்ப வேண்டாம். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று சென்றால் ரெஃப்ரெஷ் ரேட்டைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். அங்கே 144ஐத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலில் 144 என்ற எண்ணே இல்லையென்றால், குறை கேபிளிலோ அது செருகப்பட்ட இடத்திலோ இருக்கலாம். திரைக்குச் செல்லும் படத் தரவின் அளவு, பிக்சல்களின் எண்ணிக்கையை ஒரு பிக்சலுக்கு வேண்டிய பிட்டுகளாலும் ரெஃப்ரெஷ் ரேட்டாலும் பெருக்கினால் வருவது. 4கே (3840க்கு 2160 பிக்சல்) படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்பப் பிக்சல்களுக்கு மட்டுமே வினாடிக்குச் சுமார் 12 ஜிகாபிட் வேண்டும். எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பு முறையின் 1.4 பதிப்பு தாங்குவது 10.2 ஜிகாபிட்தான், அதனால்தான் பழைய மடிக்கணினியை 4கே மானிட்டரில் இணைத்தால் 30 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது. எச்.டி.எம்.ஐ. 2.0 வினாடிக்கு 18 ஜிகாபிட்டும், 2.1 அதிகபட்சம் 48 ஜிகாபிட்டும் தாங்கும். மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற மற்றோர் இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பல மானிட்டர்கள் தம் முழு வீதத்தை அந்த வழியில் மட்டுமே தருகின்றன, எச்.டி.எம்.ஐ. வழியில் குறைத்துக்கொள்கின்றன. எந்த வழியில் எவ்வளவு என்பது மானிட்டரின் கையேட்டில் இருக்கும். மேசைக் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும், கேபிளை மதர்போர்டில் உள்ள துளையில் செருகிவிடுவதும் அடிக்கடி காணும் பிழை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் விளையாட்டில் வேறுபாடு தெரியவில்லை என்றால், கடைசிச் சந்தேகம் கிராபிக்ஸ் கார்டின் மேல் விழ வேண்டும். திரை வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கத் தயாராக இருக்கிறது. ஆனால் கார்டு வினாடிக்கு 55 படங்களைத்தான் வரைந்து கொடுக்கிறது என்றால், திரை பழைய படத்தையே மீண்டும் மீண்டும் காட்டும். படம் வரையும் வீதம் வேறு, திரை புதுப்பிக்கும் வீதம் வேறு. முன்னதை ஃபிரேம் ரேட் என்றும் பின்னதை ரெஃப்ரெஷ் ரேட் என்றும் பிரித்துச் சொல்வதன் காரணம் இதுதான். விளையாட்டின் அமைப்பில் நிழல், பிரதிபலிப்பு போன்றவற்றைக் குறைத்தால் ஃபிரேம் ரேட் ஏறும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: திரையில் மவுஸ் அம்பை வேகமாக வட்டமாகச் சுழற்றச் சொல்லுங்கள். 60 ஹெர்ட்ஸில் அம்புகள் இடைவெளி விட்டுத் தனித்தனியாகத் தெரியும். 144இல் அவை நெருங்கி ஏறத்தாழ வளையமாகும்.

விளையாடும்போது சில சமயம் படம் நடுவில் கிழிந்து மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒட்டாமல் நிற்கிறது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்று எழுதிய மானிட்டர் வாங்கினால் இது சரியாகுமா? ‘1 எம்.எஸ்.’ என்று எழுதியிருப்பதும் இதுதானா?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

முதல் கேள்விக்கு ஆம்; இரண்டாவதற்கு இல்லை.

கார்டு ஒரு படத்தை வரைந்து முடிக்கும் நேரமும் திரை தன்னைப் புதுப்பிக்கும் நேரமும் ஒத்துப்போகாதபோது, திரை பாதி வரையப்பட்ட நிலையில் புதிய படம் வந்துவிடுகிறது; மேலே பழையது, கீழே புதியது. இதைத் தவிர்க்க முன்பிருந்த வழி வி-சிங்க்: திரை தயாராகும்வரை கார்டைக் காத்திருக்கச் செய்வது. அதில் ஒரு தொல்லை உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரையில் கார்டு 16.7 மில்லி வினாடிக்குள் முடிக்காமல் 17 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் கூட, அடுத்த சுற்று வரும் 33.3 மில்லி வினாடி வரை அந்தப் படம் காத்துக்கிடக்கும். விளையாட்டு அந்த நொடியில் 30 படத்துக்கு இறங்கித் தடுக்கும். பேருந்தை அரை நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பேருந்துக்காக அரை மணி நிற்பதைப் போல.

கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா 2013இல் அறிவித்த ஜி-சிங்க்கும், அதன் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் கொண்டு 2015இல் கடைக்கு வந்த மானிட்டர்களும் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கின. கார்டு திரைக்காகக் காத்திருப்பதற்குப் பதில் திரை கார்டுக்காகக் காத்திருக்கிறது. படம் எப்போது தயாராகிறதோ அப்போது புதுப்பிக்கிறது. ஆனால் இது ஒரு வரம்புக்குள்தான் நடக்கும். மானிட்டரின் விவரப் பட்டியலில் 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்பது போல அந்த வரம்பு குறிக்கப்பட்டிருக்கும். கீழெல்லை எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. நடுத்தர விலையில் கார்டு வாங்குகிறவருக்கு, என் மதிப்பில், 165 ஹெர்ட்ஸை 240ஆக உயர்த்துவதைவிட இந்த வசதி பெரிது.

‘1 எம்.எஸ்.’ (ஒரு மில்லி வினாடி) என்பது ரெஸ்பான்ஸ் டைம். ஒரு பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம். 144 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 6.9 மில்லி வினாடிதான் இருக்கிறது என்று பார்த்தோம். பிக்சல் மாற 15 மில்லி வினாடி எடுத்தால், முந்தைய படம் மறையுமுன் அடுத்த இரண்டு படங்கள் வந்துவிடும். பொருளின் பின்னால் வால் போல ஒரு நிழல் இழுபடும். எல்.சி.டி.யில் ஒரு வகையான வி.ஏ. திரைகளில், கறுப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறும் இடங்களில் இந்தக் குறை தெளிவாகத் தெரியும். பெட்டியில் உள்ள 1 என்ற எண், மிகச் சாதகமான ஒரு மாற்றத்தை, பிக்சல் மாற்றத்தை முடுக்கும் ஓவர்டிரைவ் என்ற மானிட்டர் அமைப்பை உச்சத்தில் வைத்து அளந்ததாக இருக்கக்கூடும். அந்த உச்சத்தில் வைத்தால் நிழலுக்குப் பதில் பொருளைச் சுற்றி வெளிறிய விளிம்பு தோன்றும். நடு நிலையில் வைத்துப் பாருங்கள். ஓலெட் திரையில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. அதனால்தான் ஒரே 120 ஹெர்ட்ஸ் என்றாலும் ஓலெட் கூடுதல் தெளிவாகத் தெரிகிறது.

கைப்பேசியை 120 ஹெர்ட்ஸில் வைத்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது. 60க்கே மாற்றிவிடலாமா? 240 ஹெர்ட்ஸ் என்று இன்னோர் எண்ணும் விளம்பரத்தில் வருகிறதே?
– துணிக்கடை விற்பனையாளர், ஈரோடு

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அந்த 240 பெரும்பாலும் ‘டச் சாம்ப்ளிங்’ எனப்படுவது. விரல் எங்கே இருக்கிறது என்று திரை வினாடிக்கு எத்தனை முறை பார்க்கிறது என்பதன் அளவு. படத்தின் வீதம் அன்று. இரண்டையும் ஒன்று போலத் தோன்றும்படி விளம்பரத்தில் அச்சிடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

கைப்பேசியில் விரல் நேரடியாகத் திரையைத் தொட்டு உருட்டுவதால், விரலுக்கும் படத்துக்கும் இடையே விழும் இடைவெளி கணினியைவிடக் கூர்மையாகத் தெரிகிறது. 2017இல் ரேசர் போனும் ஐபேட் ப்ரோவும் 120 ஹெர்ட்ஸைக் கொண்டுவந்ததும், 2019இல் ஒன்பிளஸ் 7 ப்ரோ 90 ஹெர்ட்ஸில் வந்ததும், பின் எல்லா நிறுவனங்களும் இதைப் பின்பற்றியதும் அந்தக் காரணத்தால்தான். அதே வேளையில், வினாடிக்கு இரு மடங்கு படம் வரைவதற்கு இரு மடங்கு உழைப்பு வேண்டும். மின்கலம் அதற்கான விலையைக் கொடுக்கிறது.

உயர்விலைக் கைப்பேசிகளில் உள்ள எல்.டி.பி.ஓ. வகைத் திரை, அசையாத பக்கத்தைப் பார்க்கும்போது 10 அல்லது 1 ஹெர்ட்ஸ் வரை தானே இறங்கி, விரல் பட்டதும் 120க்கு ஏறும். உங்களுடையது அந்த வகை என்றால் ‘அடாப்டிவ்’ அல்லது ‘ஆட்டோ’ என்ற நிலையிலேயே விட்டுவிடுங்கள். விலை குறைந்த கைப்பேசிகள் 60, 90, 120 என்று சில படிகளில் மட்டும் மாறுகின்றன. அப்படிப்பட்டதில், கடையில் நாள் முழுதும் சார்ஜ் தேவைப்படும் உங்களுக்கு 90 இருந்தால் 90. இல்லையென்றால் வேலை நேரத்தில் 60, வீட்டில் 120.

கிரிக்கெட் பார்க்க 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி வாங்கினேன். பந்து நன்றாகத் தெரிகிறது. ஆனால் பழைய சினிமா போட்டால் நாடகத் தொடர் போல வழவழவென்று இருக்கிறது. ஏன்?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் பிறப்பே வேறு, ஐயா. பேசும் படம் வந்த 1920களின் இறுதியிலிருந்து சினிமா வினாடிக்கு 24 படம் என்ற கணக்கில் நிலைத்தது. ஒலி சீராக இருக்க வேண்டுமானால் ஃபிலிம் ஓடும் வேகமும் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு அது. திரையரங்கில் ஒவ்வொரு படத்தையும் புரொஜெக்டரின் மூடி இரண்டு அல்லது மூன்று முறை மறைத்துத் திறக்கும்; 24 படம் 48 அல்லது 72 மின்னலாகக் கண்ணில் விழும். நாம் ‘சினிமா போல’ என்று உணரும் அந்த மெல்லிய தடுமாற்றமும் மங்கலும் இந்த 24இல்தான் இருக்கின்றன. நேரலைக் கிரிக்கெட்டோ, நம் நாட்டில் வினாடிக்கு 50 என்ற பழைய தொலைக்காட்சிக் கணக்கில் வருகிறது.

உங்கள் தொலைக்காட்சி, சினிமாவின் இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத படங்களைத் தானே கற்பனை செய்து நுழைக்கிறது. மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன், ஆட்டோ மோஷன் ப்ளஸ் என்று ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. விளையாட்டுக்கு இது ஓரளவு உதவும்; சினிமாவைக் கெடுத்துவிடும். சினிமா பார்க்கும்போது அதை அணைத்துவிடுங்கள். 2019இல் யு.எச்.டி. அலையன்ஸ் என்ற அமைப்பு அறிவித்த ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ உங்கள் கருவியில் இருந்தால், ஒரே பொத்தானில் இது அணைந்துவிடும்.

இல்லாத படங்களை நுழைக்காமலே 120 ஹெர்ட்ஸ் சினிமாவுக்கு நல்லது என்பதையும் சொல்ல வேண்டும். 60ஐ 24ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டிச் சமாளிக்கிறது. கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் அந்த ஏற்றத்தாழ்வு நடுக்கமாகத் தெரியும். 120ஐ 24ஆல் வகுத்தால் சரியாக ஐந்து. ஒவ்வொரு படமும் சமமாக ஐந்து முறை, நடுக்கம் போய்விடும்.

இனிமேல் தொலைக்காட்சி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை: பெட்டியில் ‘மோஷன் ரேட் 200’ என்பது போல எழுதியிருப்பது ரெஃப்ரெஷ் ரேட் அன்று, நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட ஒரு கணக்கு. ‘நேட்டிவ் ரெஃப்ரெஷ் ரேட்’ எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் 50/60 என்றோ 100/120 என்றோ பதில் வரும்.

தொலைக்காட்சி இல்லை, கணினியில் இணையம் வழியாகத்தான் கிரிக்கெட் பார்க்கிறேன். கேமரா பந்தைத் தொடர்ந்து ஓடும்போது படம் சீரான இடைவெளியில் தட்டுகிறது. இணைய வேகம் நன்றாகத்தான் இருக்கிறது.
– தகவல் தொழில்நுட்ப ஊழியர், கோயம்புத்தூர்

மேலே சொன்னதன் தொடர்ச்சியே இது. வினாடிக்கு 50 படமாக வரும் காட்சியை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்ட வேண்டுமானால், ஐந்து படத்தில் ஒன்றை இரண்டு முறை காட்டியாக வேண்டும். அந்த இரட்டிப்பைத்தான் நீங்கள் தட்டலாக உணர்கிறீர்கள். தொலைக்காட்சிகள் 50க்குத் தாமாகவே மாறிக்கொள்கின்றன. கணினி அப்படி மாறுவதில்லை. 144 ஹெர்ட்ஸிலும் கணக்கு சரியாக வராது, ஆனால் ஏற்றத்தாழ்வு சிறிதாக இருப்பதால் உறுத்தல் குறையும். மானிட்டரின் பட்டியலில் 100 ஹெர்ட்ஸ் இருந்தால், ஆட்டம் நடக்கும் நேரத்தில் அதற்கு மாற்றிப் பாருங்கள்: ஒவ்வொரு படமும் இரண்டு முறை, தட்டல் நின்றுவிடும். ஆட்டம் முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். வரும் காட்சியே வினாடிக்கு 25 படம்தான் என்றால் 100 ஹெர்ட்ஸில் அது சீராக ஓடும், ஆனால் பந்து தெளிவாகாது. செயலியில் தர அளவை உயர்த்தினால் 50 கிடைக்கிறதா என்று பாருங்கள்.

புகைப்படம் திருத்துவதும் அச்சுக்கு வடிவமைப்பதும் என் தொழில். 60 ஹெர்ட்ஸ் போதுமா?
– வடிவமைப்பாளர், சிவகாசி

போதும். மிச்சமாகும் பணத்தில் வண்ணத் துல்லியமும் கூடுதல் பிக்சலும் கொண்ட திரையை வாங்குங்கள்.

360 ஹெர்ட்ஸ் மானிட்டரை மனிதக் கண்ணால் உணரவே முடியாது என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போட்டிகளில் ஆடும் எனக்கு அது பயன்படுமா?
– கல்லூரி மாணவர், சென்னை

கண்ணால் வினாடிக்கு இத்தனை படம்தான் பார்க்க முடியும் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட முடியாது. கண் படம் படமாகப் பார்ப்பதில்லை. ஒளி மின்னி அணைவதை உணர்வதற்கு ஓர் எல்லை, நகரும் பொருளின் மங்கலை உணர்வதற்கு வேறோர் எல்லை. முதல் பதிலில் கண்ட கணக்கின்படி, வினாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் நகரும் பொருள் 240 ஹெர்ட்ஸில் 4 பிக்சலும் 360இல் ஏறத்தாழ 2.7 பிக்சலும் இழுபடும். வேகம் இரு மடங்கானால் இந்த அளவுகளும் இரு மடங்காகும். ஆகவே வேறுபாடு இல்லை என்ற கேலி தவறு, சிறியது என்பது சரி. பழக்கப்பட்ட ஆட்டக்காரருக்கு அது தெரியலாம்.

ஆனால் 360 படத்தை வினாடிதோறும் தொடர்ந்து வரைந்து கொடுக்கும் கார்டும் கணினியின் மையச் செயலியும் (சி.பி.யு.) இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். நீங்கள் ஆடும் ஆட்டத்தில், நீங்கள் வைத்திருக்கும் அமைப்பில், நெருக்கடியான ஒரு சண்டையின் நடுவே ஃபிரேம் ரேட் எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அது 200க்குக் கீழே இறங்குகிறது என்றால், மானிட்டருக்கு வைத்திருக்கும் பணத்தைக் கார்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.